வேலைக்கேற்ற சம்பளம் அரசு ஊழியருக்குச் சரிப்படுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீதிபதி ரஞ்சனா பிரகாஷ் தேசாய் தலைமையில் 8ஆவது மத்திய ஊதியக் குழு அமைந்த நாளிலிருந்து, கல்யாண வீட்டுப் பந்தியில்கூட என்னை விடுவதில்லை. "வேலை செஞ்சாலும் அதே சம்பளம், செய்யாட்டாலும் அதே சம்பளம். அப்புறம் யார்தான் வேலை செய்வாங்க?" என்று இலையில் சாம்பார் விழுவதற்குள் ஆரம்பித்துவிடுகிறார்கள். மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் பத்துப் பதினைந்து ஆண்டு மேலதிகாரியிடம் மதிப்பெண் வாங்கியவன் நான். பிறகு மேசைக்கு அந்தப் பக்கம் போய் மற்றவர்களுக்கு மதிப்பெண் போட்டவன். அந்த அனுபவத்தை வைத்துக்கொண்டு, என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

இப்போது சம்பளம் எப்படி உயர்கிறது? வேலையைப் பார்த்து எதுவுமே கிடையாதா?

ஆண்டுக்கு ஒருமுறை 3 சதவீத ஊதிய உயர்வு உண்டு. மத்திய அரசில் ஜனவரி 1 அல்லது ஜூலை 1 அன்று வரும். தமிழ்நாடு அரசில் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என நான்கு தேதிகள். இதற்கு வேலையின் தரம் பார்ப்பதில்லை. ஒழுங்கு நடவடிக்கையில் ஊதிய உயர்வை நிறுத்தினால் தவிர, அது தானாக வந்துவிடும்.

வேலையைப் பார்க்கும் இடம் ஒன்று இருக்கிறது. பதவி உயர்வு கிடைக்காமல் தேங்கி நிற்பவருக்கு 10, 20, 30 ஆண்டுகளில் சம்பளத்தை அடுத்த நிலைக்கு ஏற்றும் 'எம்ஏசிபி' என்ற ஏற்பாடு மத்திய அரசில் உண்டு. 7ஆவது ஊதியக் குழுவுக்குப் பிறகு, 'மிக நன்று' என்ற தரம் இருந்தால்தான் அது கிடைக்கும். அதற்கு முன்பு பலருக்கு 'நன்று' போதுமானதாக இருந்தது. தமிழ்நாட்டில் 10 ஆண்டில் தேர்வு நிலை, 20 ஆண்டில் சிறப்பு நிலை என்று பணிக்காலத்தை வைத்து வருகிறது.

அந்தத் தரத்தை யார், எப்படி முடிவு செய்கிறார்கள்?

நியாயமா இல்லையா என்ற கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முன்பு இதற்கு 'சி.ஆர்.' என்று பெயர். ரகசியக் குறிப்பேடு. "சி.ஆர்.ல கை வெச்சிடுவேன்" என்று மிரட்டும் அதிகாரியைப் பார்க்காத பழைய ஊழியர் இருக்க மாட்டார். 2009 முதல் அது ஆண்டுச் செயல்திறன் மதிப்பீட்டு அறிக்கை, வழக்கில் 'ஏபிஏஆர்'. நேர் மேலதிகாரி 1 முதல் 10 வரை மதிப்பெண் போடுவார். செய்து முடித்த வேலைக்கு 40 சதவீத எடை. தனிப்பட்ட பண்புகளுக்கு 30, பணித் தேர்ச்சிக்கு 30. கூட்டிப் பார்த்து 8 முதல் 10 வரை வந்தால் 'மிகச் சிறப்பு', 6 முதல் 8க்குள் 'மிக நன்று', 4 முதல் 6க்குள் 'நன்று'.

இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். முதலாமவர் வேலையை ஒழுங்காக முடிக்கிறவர். வேலைக்கு 7 போடுகிறார் அதிகாரி. ஆனால் 'அணுகுமுறை சரியில்லை, எதிர்த்துக் கேள்வி கேட்கிறார்' என்று மற்ற இரண்டிலும் 5. கணக்கு: 2.8, 1.5, 1.5, ஆக 5.8. 'நன்று'. இரண்டாமவர் கோப்புகளைத் தேக்கி வைக்கிறவர், ஆனால் பழக இனிமையானவர், அதிகாரி வீட்டு விசேஷத்துக்கு முதல் ஆளாக நிற்பவர். வேலைக்கு 5, மற்ற இரண்டிலும் 7. கணக்கு: 2.0, 2.1, 2.1, ஆக 6.2. 'மிக நன்று'. எம்ஏசிபி அவருக்குக் கிடைக்கும். வேலையில் இரண்டு மதிப்பெண் கூட வாங்கியவருக்குக் கிடைக்காது.

இது விதியை மீறிச் செய்த மோசடி இல்லை. விதிப்படியே வருகிற கணக்கு. பண்பு, தேர்ச்சி என்ற 60 சதவீதத்தில் எண்ணிப் பார்க்கக்கூடியது எதுவும் பெரிதாகக் கிடையாது.

இன்னொரு நுணுக்கம். 9 அல்லது 10 போட்டாலும், 1 அல்லது 2 போட்டாலும், என்ன காரணம் என்று அதிகாரி எழுத வேண்டும். 8 போட்டால் எழுத வேண்டாம். 8 என்பதோ 'மிகச் சிறப்பு' வரிசையில் வந்துவிடுகிறது. மார்ச் முடிந்து படிவங்கள் மேசையில் குவியும்போது எந்த எண் அதிகமாக விழும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நானும் போட்டிருக்கிறேன். பக்கத்து மேசைக்காரருக்கு 6 போட்டுவிட்டு மறுநாள் அவரோடு ஒரே கேண்டீனில் சாப்பிட வேண்டும் என்பது சின்ன விஷயமில்லை.

திறமைக்குத் தனிச் சம்பளம் தர வேண்டும் என்று ஊதியக் குழுக்கள் சொன்னதே இல்லையா?

வரிசையாகச் சொல்லியிருக்கின்றன. 4ஆவது குழு, நன்றாக வேலை செய்பவருக்குக் கூடுதலான ஊதிய உயர்வு என்றது. 5ஆவது குழு, மிகத் திறமையானவருக்கு ஒரு உயர்வு அதிகம், மோசமானவருக்கு வழக்கமான உயர்வும் கிடையாது என்றது. நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா தலைமையிலான 6ஆவது குழு 2008இல், எல்லோருக்கும் 2.5 சதவீதம், குறிப்பிட்ட ஊதியப் பட்டையில் 20 சதவீதத்துக்கு மிகாத திறமைசாலிகளுக்கு மட்டும் 3.5 என்றது. அதோடு ஊக்கத்தொகைத் திட்டம் ஒன்றையும் வகுத்துக் கொடுத்தது. நீதிபதி அசோக் குமார் மாத்தூர் தலைமையிலான 7ஆவது குழு 2015இல், முதல் 20 ஆண்டுகளுக்குள் தரத்தை எட்டாதவருக்கு ஆண்டு உயர்வையே நிறுத்தலாம் என்றது.

நான்கு குழுக்களும் சொல்லியாயிற்று. மாதச் சம்பளச் சீட்டில் இன்றைக்கும் அதே 3 சதவீதம்தான். சங்கங்கள் எதிர்த்தன என்று சொல்வார்கள். உண்மைதான். ஆனால் தனக்குக் கீழே உள்ளவரைத் தரம் பிரித்துக் கையெழுத்துப் போட அதிகாரிகளுக்கும் அவ்வளவு ஆசை இல்லை.

ரயில்வேயில் உற்பத்தித் திறன் போனஸ் இருக்கிறதே?

இருக்கிறது, 1979-80 முதல். அதிகாரிகள் நீங்கலாக, ரயில்வே பாதுகாப்புப் படையினர் நீங்கலாக, மற்ற எல்லோருக்கும் ஆயுத பூஜையை ஒட்டி வரும். பத்து ஆண்டுகளுக்கு மேலாக 78 நாள் சம்பளம். மாதச் சம்பளத்தை 7000 ரூபாய் என்று வைத்துக் கணக்கிடுவதால் ஒருவருக்கு அதிகபட்சம் 17,951 ரூபாய்.

பெருந்தொற்றால் பயணிகள் ரயில்கள் மாதக்கணக்கில் நின்றுபோன 2020-21ஆம் ஆண்டுக்கும் அதே 78 நாள்தான் கொடுத்தார்கள். கொடுத்தது தப்பு என்று நான் சொல்லவில்லை, சரக்கு ரயிலை ஓட்டியவர்கள் ஊரடங்கிலும் ஓட்டினார்கள். ஆனால் அதன் பெயரில் இருக்கிற 'உற்பத்தித் திறன்' இப்போது பெயரில் மட்டும் இருக்கிறது. அதைப் பண்டிகை முன்பணத்தின் பெரியண்ணன் என்றுதான் எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள்.

எண்ணி அளக்க முடிந்த வேலைக்காவது அந்த எண்ணிக்கையை வைத்துக் கொடுக்கலாமே?

பட்டா மாறுதலை எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணக்கூடிய வேலை. இத்தனை மனு வந்தது, இத்தனை முடிந்தது என்று கணினியே சொல்லும்.

அதில் இரண்டு வகை உண்டு. முழுப் புல எண்ணும் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போனால் உட்பிரிவு தேவையில்லை. பத்திரம் சரியாக இருந்தால் உட்கார்ந்த இடத்திலேயே முடித்துவிடலாம். நிலத்தில் ஒரு துண்டை மட்டும் வாங்கியிருந்தால் உட்பிரிவு செய்ய வேண்டும். அதற்கு நில அளவர் நேரில் போகணும். போன அன்று வயலில் நெல் நிற்கும். அறுவடை ஆகட்டும் என்பார்கள். அறுவடை முடிந்து போனால் பங்காளி ஒருவர் வரப்பில் நின்று "என் பாகம் பிரியாம யாரும் சங்கிலி பிடிக்கக் கூடாது" என்பார். கல் நட்ட இடத்தில் கல் இருக்காது. மூன்றாவது முறை போகிற அன்று மழை.

இப்போது முடித்த மனுவுக்கு இவ்வளவு என்று ஊக்கத்தொகை வைத்தால் என்ன ஆகும்? உட்பிரிவு இல்லாத மனுக்கள் பறக்கும். உட்பிரிவு மனுக்களில் 'ஆவணம் தெளிவாக இல்லை' என்று ஒரு வரி விழுந்து தள்ளுபடி ஆகும். தள்ளுபடியும் கணக்கில் முடிவுதான். மனு கொடுத்தவர் மறுபடி மனு போடுவார், அது புதிய எண்ணாகும், அதுவும் ஒரு முடிவாகும். ஒரே பெரியவரை மூன்று முறை திருப்பி அனுப்பினால் மூன்று முடிவு. இணையத்தில் புகார் கொடுத்து, 'தங்கள் மனு மீது நடவடிக்கை எடுக்கப்பட்டு முடிக்கப்பட்டது' என்ற குறுஞ்செய்தி வந்தபிறகும் சாக்கடை அப்படியே ஓடுவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். அங்கே ஊக்கத்தொகைகூட இல்லை, நிலுவையைக் குறை என்ற நெருக்கடி மட்டுமே உண்டு. பணமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

வேலை கடினமானதற்குத் தகுந்தபடி எடை போட்டு எண்ணலாமே என்று ஒரு தம்பி கேட்டார். போடலாம். அந்த எடையை யார் போடுவது என்று கேட்டால் மறுபடி அதே மேலதிகாரி மேசைக்கே வந்து சேருவோம்.

ஆசிரியர்களுக்குத் தேர்ச்சியை வைத்துக் கொடுத்தால்?

இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். 2005இல் தொடங்கி ஒன்றுபட்ட ஆந்திரத்தின் கிராமப்புற அரசுத் தொடக்கப் பள்ளிகளில் கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் நடத்திய ஆய்வு உலகம் முழுக்க மேற்கோள் காட்டப்படுகிறது. 300 பள்ளிகள். 100 பள்ளிகளில் ஆசிரியருக்குத் தனித்தனியாக ஊக்கத்தொகை, 100இல் பள்ளிக்குச் சேர்த்து, 100இல் ஒன்றும் கிடையாது. இரண்டு ஆண்டு கழித்துப் பார்த்தபோது ஊக்கத்தொகை இருந்த பள்ளிகளின் பிள்ளைகள் கணக்கிலும் மொழியிலும் தெளிவாக முன்னே போயிருந்தார்கள். ஊக்கத்தொகை இல்லாத அறிவியல், சமூக அறிவியல் பாடங்களிலும் முன்னேற்றம் தெரிந்தது. என்னைப் போலச் சந்தேகப்படுகிறவர்கள் இதை மறைக்கக் கூடாது. நல்ல பலன்.

ஆனால் எப்படி வைத்தார்கள் என்பதையும் பார்க்கணும். பிள்ளை எத்தனை மதிப்பெண் வாங்கியது என்று பார்க்கவில்லை. போன முறையைவிட எவ்வளவு கூடியது என்று பார்த்தார்கள். வகுப்பின் சராசரி உயர்வு 5 சதவீதத்தைத் தாண்டினால், அதற்கு மேல் கூடும் ஒவ்வொரு சதவீதத்துக்கும் 500 ரூபாய். அதனால் படித்த பெற்றோரின் பிள்ளைகள் நிறைந்த பள்ளிக்கும், கூலிக்குப் போகிறவர்களின் பிள்ளைகள் நிறைந்த பள்ளிக்கும் ஒரே கோடு. தேர்வை நடத்தியவர்களும் வெளியாட்கள். தன் வகுப்புத் தாளைத் தானே திருத்திக்கொள்ள வழி இல்லை.

கென்யாவில் இதேபோல் 50 பள்ளிகளில் பரிசு கொடுத்துப் பார்த்தார்கள். ஆசிரியர்கள் அதிக நாள் பள்ளிக்கு வரவில்லை, வீட்டுப்பாடம் கூடவில்லை. தேர்வுக்கு முன் சிறப்பு வகுப்பு மட்டும் கூடியது. மதிப்பெண் ஏறியது, திட்டம் முடிந்ததும் இறங்கியது.

இன்னும் பழைய கதை இங்கிலாந்தில் 1862இல் தொடங்கியது. ஆய்வாளர் வந்து ஒவ்வொரு பிள்ளையையும் வாசிப்பு, எழுத்து, கணக்கு என்று சோதிப்பார். ஒவ்வொரு பாடத்தில் தோற்றாலும் பள்ளி மானியத்தில் 2 ஷில்லிங் 8 பென்ஸ் வெட்டு. பிள்ளைகள் வாசிப்புப் புத்தகத்தை அப்படியே மனப்பாடம் செய்து ஒப்பித்தார்கள். சுமார் 35 ஆண்டுகளில் அந்த முறையை ஒழித்தார்கள். அதற்குள் அது கப்பலேறிச் சென்னை மாகாணத்துப் பள்ளிகளுக்கும் மானிய விதியாக வந்து போயிற்று. நம் ஊரில் மனப்பாடத்தைத் திட்டும்போது அதையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளலாம்.

வருகையை மட்டுமாவது கருவி வைத்து அளந்து, வராத நாளுக்குப் பிடித்தால்?

ராஜஸ்தானின் உதய்ப்பூர் மாவட்டத்தில் கிராம செவிலியர்களுக்கு இதைச் செய்தார்கள். நேரம் பதியும் முத்திரைக் கருவி, ஒரு தொண்டு நிறுவனத்தின் கண்காணிப்பு, வராத நாளுக்குச் சம்பள வெட்டு. முதல் ஆறு மாதம் வருகை நன்றாக ஏறியது. அப்புறம் 'கூட்டத்துக்குப் போனார்', 'களப்பணி' என்ற விலக்கு நாட்கள் பெருகின. மேலிடமே அவற்றுக்கு ஒப்புதல் கொடுத்தது. ஒன்றரை ஆண்டுக்குள் பழைய நிலைக்கே வந்துவிட்டது.

பொதுத்துறை நிறுவனங்களில் திறமைக்கு ஊதியம் உண்டே?

உண்டு. 2007 ஊதியத் திருத்தம் முதல் அதிகாரிகளுக்கு, நிறுவனத்தின் லாபத்திலிருந்து கொடுக்கிறார்கள். லாபமே இல்லாத தொலைபேசி நிறுவனத்தில் புயலடித்த மறுநாள் கம்பம் ஏறச் செய்த அதிகாரிக்கு ஒன்றுமில்லை. கச்சா எண்ணெய் விலை சாதகமாக அமைந்த ஆண்டில் எண்ணெய் நிறுவன அதிகாரிக்கு நல்ல தொகை.

ஆரம்பத்தில் 10 சதவீத அதிகாரிகளைக் கட்டாயமாகக் கடைசித் தட்டில் வைக்க வேண்டும், அவர்களுக்கு ஊக்க ஊதியம் கிடையாது என்றும் விதி இருந்தது. பத்துப் பேரும் நன்றாக வேலை செய்த பிரிவிலும் ஒருவர் பலியாக வேண்டும். பல இடங்களில் புதிதாக வந்தவரோ, ஓய்வுபெறப் போகிறவரோ, நீண்ட விடுப்பில் இருந்தவரோ அந்த இடத்துக்குப் போனார்கள். 2017 திருத்தத்தில் அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டார்கள்.

பெரும்பாலும் வேலைக்கேற்ற கூலியே வாங்கும் அரசுப் பணியாளர் யாராவது இருக்கிறார்களா?

இருக்கிறார்கள். பத்து லட்சம் பேர் அளவுக்கு. ஆஷா பணியாளர்கள், வீடு வீடாகப் போய்க் கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் கவனிக்கும் பெண்கள். தமிழ்நாட்டில் பெரும்பாலும் மலைப் பகுதிகளில்தான் இருக்கிறார்கள், இங்கே அந்த வேலையைக் கிராம சுகாதார செவிலியர்கள் பார்க்கிறார்கள். மற்ற மாநிலங்களில் ஊருக்கு ஊர் உண்டு. அரசு ஏட்டில் அவர்கள் ஊழியர்கள் இல்லை, தன்னார்வலர்கள்.

ஒவ்வொரு வேலைக்கும் ஒரு விலை. கிராமத்தில் ஒரு கர்ப்பிணியைப் பேறுகாலக் கவனிப்புக்கு அழைத்துப் போனால் 300 ரூபாய். மருத்துவமனையில் பிரசவம் ஆனால் இன்னொரு 300. பிறந்த குழந்தையை ஆறேழு முறை வீட்டுக்குப் போய்ப் பார்த்து முடித்தால் 250. முதல் ஆண்டுத் தடுப்பூசிகள் முழுவதும் போடவைத்தால் 100.

தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீடு போவது நம் வழக்கம். ஏழு மாதம் வீடு வீடாக நடந்து, இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து, ஸ்கேனுக்குக் கூட்டிப் போய், ஆஷா பணியாளர் எடை பார்த்து வந்த பெண், வளைகாப்பு முடிந்து ஊரை விட்டுப் போகிறாள். பிரசவம் அங்கே. இரண்டாவது 300 இந்தப் பணியாளருக்கு வராது. அவர் வேலையில் குறை வைத்தாரா? ஒரு குறையும் வைக்கவில்லை. அளவுகோல் அவர் கைக்கு எட்டாத இடத்தில் இருந்தது, அவ்வளவுதான்.

2022இல் உலக சுகாதார அமைப்பு ஆஷாக்களுக்கு விருது கொடுத்துப் பாராட்டியது. 2025 பிப்ரவரியில் கேரளத்து ஆஷாக்கள் மாதம் 21,000 ரூபாய் மதிப்பூதியம் கேட்டுத் திருவனந்தபுரம் தலைமைச் செயலக வாசலில் உட்கார்ந்தார்கள். மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்தார்கள்.

வேலைக்கேற்ற சம்பளம் நல்ல கொள்கை என்றால் அதை மேலே இருந்து தொடங்கியிருக்கலாம். கொள்கை வகுப்பவர், கோப்பில் கடைசிக் கையெழுத்துப் போடுபவர், பெரிய திட்டத்துக்குப் பொறுப்பானவர் என்று. நடந்தது தலைகீழ். சங்க பலமும் பென்ஷனும் இல்லாத பெண்களிடம் அது பெரும்பாலும் அமலாகியிருக்கிறது. மேலே போகப் போக அது 'பரிசீலனையில்' இருக்கிறது.

அப்போ வேலையே செய்யாதவரை என்ன செய்வது? அவருக்கும் 3 சதவீதமா?

கூடாது. ஆனால் அதற்குப் புதிய திட்டம் தேவையில்லை. ஊதிய உயர்வு நிறுத்தம் முதல் கட்டாய ஓய்வு வரை விதிகளில் எல்லாம் இருக்கிறது. குறிப்பாணை கொடுத்து, விளக்கம் வாங்கி, விசாரணை நடத்தி, உத்தரவு போட வேண்டும். இந்த உழைப்புக்குச் சோம்பிக்கொண்டு அதிகாரி அவரை வேறு பிரிவுக்கு மாற்றிவிடுவார். அந்தப் பிரிவின் தலைவர் அடுத்த ஆண்டு இன்னொரு பிரிவுக்குத் தள்ளுவார்.

ஊக்க ஊதியம் வந்தால் லஞ்சம் குறையுமா?

எனக்கு நம்பிக்கையில்லை. ஒரு கையெழுத்துக்கு ஐயாயிரம் வாங்கப் பழகியவரை ஆண்டுக்கொரு முறை வரும் ஊக்கத்தொகை எப்படி மாற்றும்? மதிப்பெண் போடுகிறவரும் அதில் பங்கு வாங்குகிறவராக இருந்தால் லஞ்சம் வாங்காதவருக்குத்தான் மதிப்பெண் குறையும்.

அப்படியானால் எங்குமே வேண்டாம் என்கிறீர்களா?

இல்லை. ஆந்திரப் பள்ளிகளில் பலித்ததற்குக் காரணம் இருக்கிறது. அளந்த பொருள் பெரும்பாலும் ஆசிரியர் கையில் இருந்தது, அளந்தவர் வெளியாள், தொடங்கிய இடத்திலிருந்து எவ்வளவு நகர்ந்தார்கள் என்று பார்த்தார்கள். இந்த மூன்றும் ஒரு வேலையில் சேர்ந்து அமைந்தால் கொடுக்கலாம். தனி ஆளுக்குக் கொடுப்பதைவிட ஒரு அலுவலகத்துக்கு, ஒரு பணிமனைக்குச் சேர்த்துக் கொடுப்பதை நான் விரும்புவேன், அதில் ரயில்வே போனஸ் மாதிரி சடங்காகிவிடும் ஆபத்து உண்டு என்று தெரிந்தே. காவல் நிலையத்தில் வழக்கு எண்ணிக்கை, மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சை எண்ணிக்கை, வரி அலுவலகத்தில் வசூல் தொகை ஆகியவற்றுக்கு ஒருபோதும் கூடாது. அங்கே எண்ணிக்கை ஏறினால் அடி விழுவது பொதுமக்கள் மேல்.

எனக்கு மதிப்பெண் குறைத்துவிட்டார்கள். இப்போது என்ன செய்யலாம்?

மத்திய அரசு ஊழியர் என்றால் முழு ஏபிஏஆரையும் உங்களிடம் காட்டியாக வேண்டும். இந்த உரிமை ஒருவர் போராடி வாங்கிக் கொடுத்தது. எல்லைச் சாலைப் பொறியியல் பணியில் இருந்த தேவ் தத் என்பவருக்கு 1993-94ஆம் ஆண்டில் 'நன்று' என்று எழுதியிருந்தார்கள். பதவி உயர்வுக்கு 'மிக நன்று' தேவை. 'நன்று' பாதகமான குறிப்பு இல்லை என்பதால் அவரிடம் சொல்லவே இல்லை. அந்த ஒரு சொல்லால் பதவி உயர்வு போனது. 2008 மே மாதம் உச்ச நீதிமன்றம், நல்லதோ கெட்டதோ எந்தக் குறிப்பையும் ஊழியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ரகசியக் குறிப்பேடு வெளிச்சத்துக்கு வந்தது அதற்குப் பிறகுதான்.

அறிக்கை கையில் கிடைத்த நாளிலிருந்து 15 நாட்களுக்குள் முறையீடு கொடுக்க வேண்டும். கொடுத்த 30 நாட்களுக்குள் உரிய அதிகாரி முடிவு சொல்ல வேண்டும். 'பாரபட்சம்', 'பழிவாங்கல்' என்று எழுதாதீர்கள், அதைப் படித்ததும் எதிர்த் தரப்பு இறுகிவிடும். எந்தத் தேதியில் எந்தக் கோப்பை முடித்தீர்கள், சுயமதிப்பீட்டில் நீங்கள் எழுதியதில் எதை அதிகாரி மறுக்கவில்லை என்று எண்களோடு எழுதுங்கள். மறுக்காமல் விட்டுவிட்டு மதிப்பெண்ணை மட்டும் குறைத்திருந்தால் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். நகலில் பெற்றுக்கொண்ட தேதியோடு முத்திரை வாங்க மறக்க வேண்டாம்.